எச்.பி.வி. பாசிடிவ் என்றால் கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டுமா?

சிவகங்கை மாவட்டம் புதுவயலில் அரிசி ஆலை ஒன்றில் வேலை பார்க்கும் 43 வயது வாசகி எழுதியிருக்கிறார். ஊரில் நடந்த முகாமில் கர்ப்பப்பை வாயில் மாதிரி எடுத்தார்களாம். 'எச்.பி.வி. பாசிடிவ்' என்று சீட்டு வந்திருக்கிறது. தெரிந்த ஒருவர், "இது கேன்சர் கிருமி. காப்பீட்டு அட்டை இருக்கிறதே, கர்ப்பப்பையை எடுத்துவிடலாம், காரும் நானே ஏற்பாடு செய்கிறேன்" என்கிறாராம். வீட்டுக்காரரிடம் சொல்லப் பயமாக இருக்கிறது என்கிறார். 64 வயது மாமியாரைப் பற்றியும் ஒரு வரி கேட்டிருக்கிறார்.

அம்மா, அந்தச் சீட்டை வைத்து உங்களுக்குப் புற்றுநோய் என்று யாரும் சொல்ல முடியாது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய எச்.பி.வி. என்ற வைரஸ் இருக்கிறது, அவ்வளவுதான். தாம்பத்திய உறவில் இருக்கும் ஆண், பெண் பெரும்பாலோருக்கு இது வாழ்நாளில் ஒரு தடவையாவது வந்து போகும். பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு வருடத்துக்குள் உடம்பே விரட்டிவிடும். போகாமல் தங்கிவிட்டால்தான் கவலை. அப்போதும் அது புற்றுநோயாக மாற சாதாரணமாக 15, 20 வருடம் பிடிக்கும். எப்போது தொற்றியது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது. அதனால் வீட்டுக்காரரை நீங்களோ, உங்களை அவரோ சந்தேகப்பட இதில் ஒன்றுமில்லை. அவரிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

இந்த விளக்கத்தைச் சீட்டோடு சேர்த்து யாராவது ஐந்து நிமிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆங்கிலத்தில் அச்சடித்து கையில் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுகிறார்கள். அங்கே விழும் இடைவெளியில்தான் அந்த 'தெரிந்த ஒருவர்' நுழைகிறார்.

அவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். காருக்கு யார் காசு கொடுப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஆள் பிடித்துக் கொடுத்தால் கமிஷன். எச்.பி.வி. பாசிடிவ் என்ற ஒரே காரணத்துக்காகக் கர்ப்பப்பையை எடுக்கும் வழக்கம் மருத்துவத்தில் கிடையாது. எடுத்தாலும் வைரஸ் பிறப்புறுப்பில் இருக்கலாம். அதைவிட ஆபத்து ஒன்று உண்டு. உள்ளே ஏற்கெனவே புற்றுநோய் இருந்து, அது தெரியாமல் சாதாரண முறையில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டால், பிறகு செய்யும் சிகிச்சை சிக்கலாகிவிடும். என்னிடம் ஒருவர் வந்தார். வெள்ளைப்படுதல் என்று போனவருக்குச் சதைப் பரிசோதனை செய்யாமலே கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். எடுத்த உறுப்பையும் சோதனைக்கு அனுப்பவில்லை. எட்டு மாதம் கழித்து ரத்தப்போக்கோடு என் முன்னால் உட்கார்ந்திருந்தார். பையிலிருந்து டிஸ்சார்ஜ் தாளை எடுத்து நீட்டினார். அதில் நோயின் பெயர் எழுதும் இடம் காலி.

இன்னொரு வலை, 'கேன்சர் பேக்கேஜ்' ரத்தப் பரிசோதனை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை ரத்தத்தில் முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியாது. அதில் வரும் சி.ஏ. 125 என்ற ரத்தப் புரதத்தின் அளவு, சாதாரணக் கட்டி இருந்தாலும், மாதவிலக்கு நாளிலும்கூட ஏறும். அதைக் காட்டிப் பயமுறுத்தி அடுத்த பில்லுக்கு வழி செய்வார்கள்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது கால்போஸ்கோப்பி. கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்ப்பார்கள். நீர்த்த அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் தொட்டு வைத்து ஒரு நிமிடம் காத்திருப்பார்கள். வினிகரில் இருக்கும் அதே அமிலம்தான். லேசாக எரியும். கோளாறான இடம் இருந்தால் வெள்ளையாகத் தெரியும். அங்கிருந்து கடுகளவு சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். புற்றுநோய்க்கு முந்தைய நிலை மாற்றம் என்று வந்தால் அந்த இடத்தை மட்டும் சுட்டோ வெட்டியோ எடுத்தால் போதும். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். ஒன்றுமில்லை என்றால் ஒரு வருடம் கழித்து மறுபடி பரிசோதனை. சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகளிர் பிரிவில் கேளுங்கள். இல்லையென்றால் மதுரை அரசு இராசாசி மருத்துவமனை. ஒரு நாள் கூலி போகும், இரண்டு தடவை அலைய விடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த அலைச்சலுக்குப் பயந்துதான் பல பேர் கமிஷன்காரர் காரில் ஏறுகிறார்கள். நீங்கள் ஏறாதீர்கள்.

இந்த அமிலச் சோதனையைத் தனியாகவும், கருவி இல்லாமல் வெறும் கண்ணால் பார்த்துச் செய்வார்கள். அதை இளக்காரமாக நினைக்க வேண்டாம். இங்கிருந்து அதிக தூரமில்லாத திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில், 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர்களே இதைச் செய்து ஆராய்ந்தார்கள். இந்த நோயால் வரும் மரணம் 35 சதவீதம் குறைந்தது. 2007இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு அது.

அப்புறம் மாமியார் விஷயம். முன்பு அமிலச் சோதனையில் 'ஒன்றுமில்லை' என்றார்கள், இப்போது லேசாக ரத்தம் படுகிறது என்கிறீர்கள். அந்தச் சோதனை மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு நம்பத்தகுந்தது இல்லை. நோய் தொடங்கும் வளையம் போன்ற பகுதி, வயது ஏற ஏறக் கர்ப்பப்பை வாயின் உள்ளே போய்விடும், கண்ணுக்குத் தெரியாது. ஆகவே பழைய 'ஒன்றுமில்லை' இப்போது செல்லாது. அதோடு மாதவிலக்கு நின்று ஒரு வருடம் ஆன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், முகாம், சீட்டு என்று எதற்காகவும் காத்திருக்கக் கூடாது. கர்ப்பப்பையின் உள் சவ்வில் வரும் புற்றுநோயும் இப்படித்தான் தலைகாட்டும். சூடு, பத்தியம் என்று வீட்டில் ஏதாவது சொல்வார்கள், அதைக் கேட்டுச் சும்மா இருக்க வேண்டாம். ஸ்கேனும் தேவைப்பட்டால் உள்ளிருந்து சதை எடுத்துச் சோதனையும் செய்ய வேண்டும். உங்கள் சீட்டு இரண்டு வாரம் பொறுக்கும். அவரை இந்த வாரமே அழைத்துப் போங்கள்.