வேளச்சேரி காரா? முதலில் சீட் பெல்ட்டை இழுத்துப் பாருங்கள்

கேள்வி: மூன்று லட்சத்துக்குள் 2017 மாடல் பெட்ரோல் வேகன்ஆர் ஒன்று பார்த்திருக்கிறேன். ஓனர் வீடு வேளச்சேரி. 42,000 கி.மீ.தான் ஓடியிருக்கிறதாம். மெக்கானிக்கிடம் காட்டும் முன் நானே எதையெல்லாம் பார்க்கலாம்?
– வாசகர், குரோம்பேட்டை

சென்னையில் மழை வெள்ளம் தேங்கும் பகுதி வேளச்சேரி. அந்தப் பெயரைக் கேட்டாலே நான் இன்ஜினுக்கு முன் தண்ணீரைத்தான் விசாரிப்பேன். 2015 வெள்ளத்தின்போது இந்த வண்டியே கிடையாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கே நின்றது என்பதுதான் கேள்வி. "மேம்பாலத்துல ஏத்தி விட்டுட்டோம் சார்" என்பார்கள். இருக்கலாம்.

முன் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். வெளியே தெரியும் பகுதியை ஷாம்பு போட்டுக் கழுவியிருப்பார்கள். உள்ளே சுருண்டு கிடக்கும் கடைசி முழத்தை யாரும் தொடுவதில்லை. சேறு படிந்த கோடு அங்கேதான் மிஞ்சும். அடுத்து சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்து போல்ட்டுகளைப் பாருங்கள். தரை கார்பெட்டின் ஓரத்தைத் தூக்கி, டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் குழியையும் தடவிப் பாருங்கள். கடற்கரை ஊரில் லேசான துரு சகஜம். ஆனால் எல்லா இடத்திலும் துருவும் வண்டலும் என்றால் ஐம்பதாயிரம் குறைத்தாலும் வேண்டாம். தண்ணீர் குடித்த இன்ஜினைக்கூடப் பிரித்துச் சரிசெய்யலாம். வயரிங் கனெக்டருக்குள் ஏறிய உப்பு எப்போது, எதை அணைக்கும் என்று எலக்ட்ரீஷியனாலும் சொல்ல முடியாது.

2024-இல் புதுப்பித்த இன்சூரன்ஸ் பாலிசியையும் கேட்டு வாங்குங்கள். நோ கிளைம் போனஸ் (இழப்பீடு கேட்காதவருக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) பூஜ்யம் என்றால், என்ன கிளைம் என்று கேட்காமல் விடாதீர்கள்.

இனி இன்ஜின். காலையில் போங்கள், ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். பானெட்டைத் தொட்டால் சூடாக இருக்கிறதா? எதையோ மறைக்கப் பார்க்கிறார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆயில் மூடியின் உட்புறம் மோர் மாதிரி வெளிறிய பிசுக்கு இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கக்கூடும். மெக்கானிக்கிடம் மறக்காமல் சொல்லுங்கள். சைலன்சரில் நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது.

ஏசி போட்டுப் பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓட விடுங்கள். ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் அனல் அடிக்கும் ஏசி இந்த ஊருக்கு உதவாது. பிறகு ஏதாவது மேம்பாலத்தில் மூன்றாவது கியரில் ஏறி ஆக்சிலேட்டரை அழுத்துங்கள். சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் போய்விட்டது. இதற்காக வண்டியை ஒதுக்க வேண்டாம். மாற்றும் செலவை விலையில் கழியுங்கள்.

42,000 கி.மீ. உண்மையா? பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் சந்தேகம்தான். கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஓனரையே சர்வீஸ் விவரம் வாங்கித் தரச் சொல்லுங்கள். டயரில் 2317 என்று இருந்தால் 2017-இன் 23-வது வாரம் செய்தது. பட்டன் (தரையைப் பிடிக்கும் மேல்வரி) மிச்சமிருந்தாலும் மாற்ற வேண்டியதுதான்.

ஆர்.சி.யில் கடன் பதிவு இருந்தால், வங்கியின் தடையில்லாச் சான்றும், கடன் பதிவை நீக்குவதற்கான படிவம் 35-உம் கைக்கு வரும் வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். மெக்கானிக் உங்கள் ஆளாக இருக்கட்டும், புரோக்கர் கூட்டி வருபவர் வேண்டாம். லிஃப்டில் ஏற்றி அடிப்பாகம் பார்ப்பதும் ஸ்கேனர் போடுவதும் அவர் வேலை.