வயலை விற்று மகளை மருத்துவ பௌதிகவியல் படிக்க அனுப்பலாமா?

கேள்வி: நான் விசுவமடுவில் ஆசிரியை. கணவர் வயல் செய்கிறார். மகள் யாழ் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் விசேட பட்டம் முடித்துவிட்டாள். புற்றுநோய்ச் சிகிச்சையோடு சேர்ந்த மருத்துவ பௌதிகவியலில் மேலே படிக்க ஆசைப்படுகிறாள். பிரிட்டனில், லண்டனுக்கு வெளியே, ஒரு வருட முதுமாணிக்கு இடம் கிடைத்திருக்கிறது. கட்டணம் 24,000 ஸ்டேர்லிங் பவுண். எங்களிடம் நிலையான வைப்பில் 18 இலட்சம் ரூபாய் உண்டு. 3 ஏக்கர் வயலில் 2 ஏக்கர் உறுதிக் காணி, 1 ஏக்கர் அனுமதிப்பத்திரக் காணி. "காணியை வித்துக் கட்டுங்கோ, ஒரு வருசத்தில உழைச்சு எடுத்திடலாம்" என்கிறார் முகவர். விற்கலாமா?

பதில்: விற்க வேண்டாம், அம்மா. மகள் கட்டாயம் படிக்கட்டும். ஆனால் இந்தத் துறையில் வயலை விற்காமலே படிக்க வழி இருக்கிறது.

முதலில் முகவர் சொல்லாத கணக்கு. பவுண் ஒன்றை 400 ரூபாய் என்று வைப்போம். கட்டணம் மட்டும் 96 இலட்சம். விசாவுக்குக் காட்டவேண்டிய வாழ்க்கைச் செலவு லண்டனுக்கு வெளியே மாதம் 1,171 பவுண் வீதம் 9 மாதத்துக்கு 10,539. சுகாதாரக் கட்டணம் 1,164. இவை மூன்றும் சேர்த்தால் 1 கோடி 43 இலட்சத்துக்குக் கிட்ட, விசாக் கட்டணமும் விமானச் சீட்டும் வேறு. இதில் இன்னும் கட்டாத படிப்புக் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் கணக்கில் தொடர்ந்து 28 நாள் இருக்கவேண்டும். இடையில் ஒரு நாள் குறைந்தாலும் விசா மறுக்கப்படலாம். அந்த 28 நாளை நிரப்பத்தான் பலர் வட்டிக்காரரிடம் போய் மாட்டுகிறார்கள். இதில் 60 இலட்சத்தை 12 வீத வட்டிக்கு எடுத்தால், முதலைத் தொடாமலே மாதம் 60,000 ரூபாய் வட்டி, மகள் வகுப்பில் இருக்கும்போதே ஓடத் தொடங்கும்.

"ஒரு வருசத்தில எடுத்திடலாம்" என்பது ஏன் பிழை? புற்றுநோய்ப் பிரிவில் நேரியல் ஆர்முடுக்கி, அதாவது கதிர்ச் சிகிச்சை இயந்திரம், எவ்வளவு கதிர் வெளிவிடுகிறது என்று காலையில் முதல் நோயாளிக்கு முன்பே அளந்து பார்ப்பார்கள். இருக்கவேண்டிய அளவிலிருந்து 3 வீதத்துக்கு மேல் விலகினால் காரணத்தைத் தேடிப் பிடிக்கவேண்டும். கதிரை அளக்கும் கருவியான, காற்றுள்ள சிறு அயனாக்க அறையால் அளக்கும்போது வெப்பநிலையில் 3 பாகை பிழையாக எழுதினாலே கணிப்பு ஏறத்தாழ 1 வீதம் மாறிவிடும். இந்த வேலையை வெறும் பட்டத்தை நம்பி எந்த வைத்தியசாலையும் ஒப்படைக்காது. மேற்பார்வையோடு பயிற்சி வேண்டும். பிரிட்டனில் 'கிளினிக்கல் சயன்ரிஸ்ற்' என்ற பெயரைப் பாவிக்கப் பதிவு வேண்டும். வழமையான பாதை சம்பளத்தோடு 3 வருடப் பயிற்சி, அதற்குள்ளேயே முதுமாணியும் அடங்கும். அதாவது நீங்கள் 96 இலட்சம் கட்டப்போகும் பட்டத்தை அங்கே தேர்வானவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு படிக்கிறார்கள். மகள் காசு கட்டிப் படித்த பிறகும் அதே வரிசையில் நிற்கவேண்டி வரலாம்.

இனிச் செய்யக்கூடியவை. இத்தாலியில் திரியெஸ்தே நகரில், பாகிஸ்தான் பௌதிகவியலாளர் அப்துஸ் சலாம் 1964இல் தொடங்கிய சர்வதேச கோட்பாட்டுப் பௌதிகவியல் மையம், அங்குள்ள பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 2014 முதல் மருத்துவ பௌதிகவியலில் 2 வருட முதுநிலைப் படிப்பு நடத்துகிறது. முதல் வருடம் வகுப்பு, இரண்டாம் வருடம் வைத்தியசாலையில் பயிற்சி. வளர்முக நாட்டவருக்குப் புலமைப்பரிசில்கள் உண்டு. இடங்கள் குறைவு, போட்டி கடுமை. ஆனாலும் மகள் முதலில் விண்ணப்பிக்கவேண்டியது இதற்குத்தான்.

அடுத்தது அமெரிக்காவில் கலாநிதிப் பட்டம். பௌதிகவியல் பட்டதாரியை நேரடியாக எடுக்கும் இடங்கள் உண்டு. பெரும்பாலும் கட்டணம் தள்ளுபடி, மாத உதவித்தொகையும் கிடைக்கும். அங்கேயே முதுமாணிக்குப் போனால் இந்த உதவி அரிது, அதைக் கவனியுங்கள். வைத்தியசாலையில் வேலை செய்ய விரும்பினால், பாடநெறி, மருத்துவ பௌதிகவியல் படிப்புகளை மதிப்பிடும் 'காம்பெப்' அமைப்பின் அங்கீகாரம் பெற்றதா என்று பார்த்தே விண்ணப்பிக்கவேண்டும். பட்டத்துக்குப் பிறகும் 2 வருட வதிவிடப் பயிற்சி இருக்கிறது. அங்கு நீங்கள் போடவேண்டிய பணம்: ஜிஆர்இ என்ற நுழைவுப் பரீட்சையைக் கேட்டால் 220 டொலர், ஆங்கிலப் பரீட்சைக்கு 200 மட்டில், 6 விண்ணப்பங்கள் ஒன்றுக்கு 80 டொலராக 480, செவிஸ் எனும் வெளிநாட்டு மாணவர் பதிவுக் கட்டணம் 350, விசா 185, சீட்டு 1,200, முதல் மாத வாடகையும் முற்பணமும் 2,500. மொத்தம் 5,135 டொலர். 300 ரூபாய்ப்படி 15 இலட்சத்து 40 ஆயிரம். உங்கள் வைப்புக்குள் அடங்கும். முதல் மாத உதவித்தொகை மாதக் கடைசியில்தான் வரும் என்பதால் அந்த 2,500ஐக் குறைக்கவேண்டாம். விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளச் சொல்லி மின்னஞ்சல் எழுதினால் சில இடங்கள் தள்ளும்.

இடம் கிடைத்தால் நிதியுதவிக் கடிதத்தில் மூன்றைத் தேடச் சொல்லுங்கள். உதவித்தொகை 9 மாதத்துக்கா 12 மாதத்துக்கா? மருத்துவக் காப்புறுதி சேர்ந்ததா? தள்ளுபடிக்கு வெளியே கட்டாயக் கட்டணம் எவ்வளவு? 9 மாதம் என்றால் கோடை விடுமுறைக்குத் தனியாக வழி தேடவேண்டும்.

வெளிநாடு பிந்தினால் பேராதனையின் விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவகத்தில் மருத்துவ பௌதிகவியல் முதுமாணி இருக்கிறது. செலவு ரூபாயில்தான். ஏ9 வீதியால் பஸ் ஏறினால் மறு முனை கண்டிதானே.

காணிபற்றி ஒரு சொல். அனுமதிப்பத்திரக் காணியைப் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் விற்கமுடியாது. அற்றோணி எழுதிக் கை மாற்றலாம் என்று யாரும் சொன்னால் கையெழுத்து வைக்காதீர்கள். காணியும் போய், வழக்கும் வரும். கொஞ்சப் பணம் போதாமல் போனால், அரச ஊழியரான உங்களுக்கு இடர்கடன் இருக்கிறது, வட்டி குறைவு. வெளிநாட்டு உறவினர் உதவினால் அதை ரூபாயாக்காமல் தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கில் வைத்திருங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்க்குக் கிட்ட இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டதை மறக்கமுடியுமா?

இந்தக் கிழமையே செய்யவேண்டியது ஒன்று: முற்பணம் இன்னும் கட்டவில்லை என்றால், இடத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று அந்தப் பிரிட்டன் பல்கலைக்கழகத்துக்கு மகளே நேரடியாக எழுதட்டும், முகவர் ஊடாக அல்ல. கட்டிவிட்டீர்கள் என்றால், திருப்பித் தரும் நிபந்தனையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.