வேகாத கடலை, சிதறும் ஃபலாஃபல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மத்தியதரைக் கடல் நாடுகளின் வீட்டுச் சமையலில் பயறும் தானியமும் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

ஹம்மூஸ் என்ற கடலை விழுது செய்ய வெள்ளைக் கொண்டைக்கடலையை உப்புப் போட்டு இரவு முழுக்க ஊறவைத்து, குக்கரில் எட்டு விசில் விட்டேன். அரைத்தால் நறநறவென்று இருக்கிறது. ஊறிய தண்ணீரும் நுரைத்து வாடை அடித்தது. உப்புப் போட்டதுதான் தவறா?
– வாசகி, செந்தூல்

உப்பின் மேல் பழி போடாதீர்கள். லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்புப் போட்டு ஊறவைத்தால் தோல் நன்றாகவே இளகும். தோலை இறுக்கிப் பிடித்திருக்கும் கால்சியத்தின் இடத்தை உப்பிலுள்ள சோடியம் பிடித்துக்கொள்வதே காரணம். வேகவிடாமல் தடுப்பது புளிப்பு. தக்காளி, எலுமிச்சை, புளி எதுவானாலும் கடலை முழுக்க வெந்த பிறகுதான் சேர்க்க வேண்டும்.

உங்கள் சிக்கலுக்குப் பெரும்பாலும் பழைய கடலைதான் காரணம். வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் மாதக்கணக்கில் கிடக்கும் பயறுக்குள், செல்களை ஒட்டி வைத்திருக்கும் பெக்டின் என்ற பொருள் கெட்டிப்பட்டுவிடும். பிறகு எத்தனை விசில் விட்டாலும் உள்ளே மணல் போல நிற்கும். ஏர்கோன் இல்லாத கடையின் அடித்தட்டில் ஒரு வருடம் இருந்த பொட்டலத்துக்கு இதுதான் கதி. பொட்டலம் கட்டிய தேதியையும் நம்ப முடியாது. மூட்டையிலிருந்து பிரித்துக் கட்டிய தேதியாக அது இருக்கலாம். சரக்கு வேகமாக ஓடும் கடையில், அரைக் கிலோவுக்கு மேல் போகாமல் வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். நவராத்திரிச் சுண்டல் காலத்தில் வாங்குவது புத்திசாலித்தனம்.

நுரைக்கும் வாடைக்கும் காரணம் நம் ஊர்ச் சூடு. சமையலறையில் 30 டிகிரி இருக்கும்போது பன்னிரண்டு மணி நேரம் ஊறினால் நொதிக்கத்தான் செய்யும். முதல் ஒரு மணி நேரம் வெளியில், மீதி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து ஊறவையுங்கள்.

இனி செய்முறை. 250 கிராம் கடலையை ஊறவைத்து நீரை வடித்து, அடிகனமான சட்டியில் முக்கால் தேக்கரண்டி சமையல் சோடா தூவி மூன்று நிமிடம் புரட்டுங்கள். ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஊற்றி, மேலே வரும் நுரையையும் கழன்று மிதக்கும் தோலையும் அகற்றிக்கொண்டே கொதிக்க விடுங்கள். நல்ல கடலை 40 நிமிடத்தில் வெந்துவிடும். குக்கர்தான் வேண்டுமென்றால் கால் தேக்கரண்டி சோடா போதும், பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. நுரை பொங்கி விசில் துளையை அடைத்துவிடும். சோடா கூடினால் சவர்க்கார வாசனை வரும். இரண்டு விரலுக்கு நடுவில் நசுக்கினால் திப்பி எதுவும் தட்டுப்படாமல் வெண்ணெயாக வழிய வேண்டும். சுண்டலுக்கு இந்தப் பதம் குழைவு, ஹம்மூஸுக்கு இதுதான் பதம்.

இரண்டு பல் பூண்டை நசுக்கி நான்கு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றில் பத்து நிமிடம் போட்டு வையுங்கள், பூண்டின் காரம் அடங்கும். வெதுவெதுப்பான கடலையை முதலில் தனியாக மைய அரைத்து, பூண்டுச் சாறு, ஒரு தேக்கரண்டி உப்பு, 150 கிராம் தஹீனி (எள் விழுது) சேர்த்து, கடைசியில் ஆறேழு மேசைக்கரண்டி ஐஸ் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அரையுங்கள். லிமாவ் கஸ்தூரி வேண்டாம், அதன் மணம் தூக்கலாக நிற்கும். கறுப்புக் கொண்டைக்கடலையும் இதற்கு ஒத்துவராது, தோல் தடிப்பு.

டின் கடலையில் செய்யலாமா?
– வாசகர், கெப்போங்

செய்யலாம். 400 கிராம் டின்னில் வடித்த கடலை ஏறக்குறைய 240 கிராம் இருக்கும். காய்ந்த கடலைக் கணக்கில் 100 கிராமுக்குச் சற்று மேல். அப்படியே அரைக்காமல், கால் தேக்கரண்டி சோடா போட்டு இன்னும் 15, 20 நிமிடம் கொதிக்க வைத்து அரையுங்கள்.

தஹீனி விலை கட்டுப்படியாகவில்லை. வீட்டில் எள் அரைத்தால் கசக்கிறது. எலுமிச்சை விட்டதும் களி மாதிரி இறுகியும் விடுகிறது.
– வாசகி, பாயான் பாரு

கசப்பு தோலிலிருந்து வருகிறது. தோல் நீக்கிய எள் ஒரே சீரான பளிச் வெள்ளையாக இருக்கும். சற்றே பழுப்பு ஓடிய வெள்ளை எள் தோலோடு இருப்பது. 200 கிராம் தோல் நீக்கிய எள்ளைச் சிறு தீயில் ஐந்து நிமிடம், நிறம் மாறாமல் சூடேற்றி ஆறவிட்டு, மிக்ஸியில் விட்டு விட்டு அரைத்து, மூன்று மேசைக்கரண்டி சூரியகாந்தி எண்ணெய் சேருங்கள். சீனச் சமையலுக்கான வறுத்த நல்லெண்ணெயை ஊற்றினால் அந்த வாசனை மட்டும்தான் மிஞ்சும்.

இறுகுவது கெட்டுப்போனதல்ல. எண்ணெயில் மிதக்கும் எள்துகள்கள் முதலில் சேரும் கொஞ்ச ஈரத்தை உறிஞ்சி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. பயந்து நிறுத்தாமல் குளிர்ந்த நீரைக் கரண்டி கரண்டியாக விட்டு அடித்தால், ஒரு கட்டத்தில் வெளுத்து, தோசை மாவுப் பதத்துக்கு இளகிவிடும்.

ஃபலாஃபல் எண்ணெயில் போட்டதும் சிதறிவிடுகிறது. கடலையை நன்றாக வேகவைத்துத்தான் பிசைந்தேன்.
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

வேகவைத்ததுதான் வினை. மசால் வடைக்குப் பருப்பை யாராவது வேகவைப்பார்களா? அதே வேலைதான் இது. பச்சையாக ஊறிய கடலையின் மாவுச்சத்து எண்ணெய்ச் சூட்டில் வெந்து இறுகித்தான் உருண்டையைப் பிடித்துக்கொள்கிறது. முன்பே வெந்துவிட்டால் பிடிக்க எதுவும் மிச்சமில்லை.

250 கிராம் கடலையைப் பன்னிரண்டிலிருந்து பதினெட்டு மணி நேரம் ஃபிரிட்ஜில் ஊறவைத்து, வடித்து, துணியில் பரப்பி ஈரம் போக ஒற்றியெடுங்கள். சிறிய வெங்காயம் ஒன்று, நான்கு பல் பூண்டு, கைப்பிடி கொத்தமல்லித் தழை, கைப்பிடி பார்ஸ்லி, சீரகமும் தனியாவும் ஒன்றரைத் தேக்கரண்டி வீதம், ஒன்றேகால் தேக்கரண்டி உப்பு சேர்த்து ரவையளவுக்கு அரையுங்கள். கையில் அழுத்தினால் உருண்டை நிற்க வேண்டும். அதைவிடக் கொரகொரப்பானால் உதிரும். மைய அரைத்தால் உள்ளே களிம்பாகும். ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, பொரிக்கும் முன் ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் கலந்து, 175 டிகிரி எண்ணெயில் நான்கு நிமிடம் பொரியுங்கள். முதலில் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள். அது உடைந்தால் ஒரு மேசைக்கரண்டி கடலை மாவு சேர்க்கலாம், அதற்கு மேல் சேர்த்தால் பக்கோடா ஆகிவிடும். ஏர் ஃபிரையரில் உடையாது, ஆனால் வறண்டுபோகும்.

எகிப்தின் ஃபூல் செய்ய மொச்சை போதுமா?
– வாசகி, ஆயர் ஈத்தாம்

போதாது. ஃபூலுக்கு வேண்டியது ஃபாவா பீன்ஸ். மொச்சை வேறு செடி, சுவையும் வேறு. பொரித்து உப்புத் தூவி விற்கும் காச்சாங் பாராங் ஃபாவாதான். காய்ந்த ஃபாவா சீனக் கடைகளில் கிடைக்கும். எகிப்தில் சிறிய வகையை வாய் குறுகிய பானையில் இரவெல்லாம் இளஞ்சூட்டில் வேகவிட்டு, காலையில் சீரகம், பூண்டு, எலுமிச்சை, எண்ணெயோடு ரொட்டிக்குத் தருவார்கள். குக்கரில், ஊறிய பயறுக்கு அரை மணி நேரம் கணக்கு.

சமைப்பதற்கு முன் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டில் யாருக்காவது ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு இருந்தால் ஃபாவா கூடவே கூடாது. அதிலுள்ள விசின், கான்விசின் என்ற பொருள்களால் அவர்களின் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும். வேகவைப்பதால் ஆபத்து நீங்கிவிடும் என்று நம்ப முடியாது. ஆண் பிள்ளைகளிடம் இந்தக் குறைபாடு அதிகம். மலேசியாவில் குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தில் இதைப் பரிசோதிக்கிறார்கள், முடிவு குழந்தையின் மருத்துவப் புத்தகத்தில் இருக்கும். சாப்பிட்ட ஓரிரு நாளில் சிறுநீர் கறுத்து, கண் மஞ்சளாகி, முகம் வெளிறினால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

புல்குருக்குப் பதில் நம் கோதுமை ரவை?
– வாசகர், ஜார்ஜ் டவுன்

புலாவ் போன்ற பிலாஃபுக்குச் சரி, தபூலே என்ற பார்ஸ்லி சாலட்டுக்குச் சரியில்லை. புல்குர் என்பது கோதுமையை வேகவைத்து, உலர்த்தி, உடைத்தது. ஒருமுறை வெந்துவிட்டதால் நனைத்தாலே மெத்தென்றாகும். லிட்டில் இந்தியாவில் வாங்கும் கோதுமை ரவை பச்சைக் கோதுமையை உடைத்தது, நனைத்துச் சாப்பிட்டால் பல்லில் கடிபடும். பிலாஃபுக்கு அதை எண்ணெயில் வறுத்து, கப்புக்கு இரண்டரைக் கப் தண்ணீர் வைத்து 20 நிமிடம் வேகவிடலாம். புல்குர் என்றால் இரண்டு கப் தண்ணீர், 15 நிமிடம்.

தபூலே வேண்டுமென்றால் பொடி புல்குரே வாங்குங்கள், நிறைய தேவைப்படாது. லெபனான் வீடுகளில் அது கீரைப் பதார்த்தம்: 100 கிராம் பார்ஸ்லி இலைக்கு 30 கிராம் புல்குர், அதுவும் தக்காளிச் சாற்றிலும் எலுமிச்சையிலும் மட்டும் ஊறியது. இங்கே உணவகங்களில் புல்குரை மலையாகக் குவித்து நாலு இலையைத் தூவித் தருவதைத் தபூலே என்று அழைக்க மனம் வரவில்லை.

ஸ்லோ குக்கரில் சிவப்பு ராஜ்மா வைக்கலாமா?
– வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

நேரடியாக வைக்காதீர்கள். ராஜ்மாவிலுள்ள லெக்டின் நச்சு 80 டிகிரி இளஞ்சூட்டில் அழியாது. வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம். ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் தளதளவெனக் கொதிக்கவிட்ட பிறகு ஸ்லோ குக்கருக்கு மாற்றுங்கள். கிரேக்கர்களின் ஃபசோலாதா சூப்புக்குப் போடும் வெள்ளை பீன்ஸுக்கும் இதே விதி.

புரட்டாசிக்கு ஏற்ற, ஒரே சட்டியில் முடிகிற சாப்பாடு ஒன்று சொல்லுங்கள்.
– வாசகி, பட்டர்வெர்த்

முஜத்தரா. லெபனான், சிரியா, பாலஸ்தீன வீடுகளில் பருப்பும் அரிசியும் வெங்காயமும் சேர்த்துச் செய்வது. கிறிஸ்தவக் குடும்பங்கள் நோன்பு நாளிலும் செய்வார்கள்.

தோலோடு இருக்கும் முழு மைசூர் பருப்பு 200 கிராம், பாஸ்மதி 200 கிராம், பெரிய வெங்காயம் நான்கு. உடைத்த சிவப்புப் பருப்பைப் போட்டால் கரைந்து பொங்கலாகிவிடும். பருப்பை 15 நிமிடம், முக்கால் பதம் வேகவிட்டு, வடித்த நீரை எடுத்து வையுங்கள். அகலமான அடிகனச் சட்டியில் 100 மில்லி எண்ணெய் விட்டு, மெலிதாக நறுக்கிய வெங்காயத்தை மிதமான தீயில் 25, 30 நிமிடம் வதக்குங்கள். முதலிலேயே உப்புப் போட்டால் நீர் விட்டு அவிந்துபோகும். பொன்னிறத்தில் நிறுத்திவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. கரும்பழுப்பு வரை போக வேண்டும், இந்தச் சோற்றின் நிறமும் சுவையும் அதில்தான் இருக்கின்றன. பாதியை எடுத்துக் காகிதத்தில் பரப்பினால் மொறுமொறுப்பாகும்.

சட்டியில் மிஞ்சிய வெங்காயத்தோடு ஒரு தேக்கரண்டி சீரகம், சிறு துண்டு பட்டை, ஊறிய அரிசி, பருப்பு, ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, பருப்பு நீரும் வெந்நீருமாக 450 மில்லி சேர்த்து, கொதித்ததும் மூடி, மிகச் சிறு தீயில் 15 நிமிடம் வையுங்கள். அடுப்பை அணைத்துப் பத்து நிமிடம் திறக்க வேண்டாம். மொறுமொறு வெங்காயத்தை மேலே தூவி, தயிரோடு பரிமாறுங்கள்.

வெங்காயமே சேர்க்காத வீடு என்றால் இத்தாலியின் லிகூரியா பக்கத்து ஃபரினாத்தா செய்யலாம். 300 கிராம் கடலை மாவை 900 மில்லி தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, ஃபிரிட்ஜில் ஐந்து மணி நேரம் வைத்து, மேல்நுரையை எடுத்துவிட்டு, இரண்டு தேக்கரண்டி உப்பும் 100 மில்லி ஒலிவ எண்ணெயும் கலந்து, சூடேற்றிய தட்டில் அரை சென்டிமீட்டர் உயரத்துக்கு ஊற்றி, 250 டிகிரி அவனில் மேற்புறம் சிவக்கும் வரை வையுங்கள். உயரம் கூடினால் உள்ளே கூழாகவே இருக்கும். மிளகுத் தூள் தூவிச் சூடாகச் சாப்பிட வேண்டும், ஆறினால் ரப்பர்.