லாம்டா-பி துகளின் சிதைவு எதிர்ப்பொருள் புதிரைத் தீர்த்துவிட்டதா?

ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னின் எல்எச்சிபி ஆய்வுக் குழு 2025-இல் பேரியான் (புரோட்டானைப் போல மூன்று குவார்க்குகளாலான துகள்) சிதைவிலும் சிபி சமச்சீர் மீறலை, அதாவது பொருளும் எதிர்ப்பொருளும் வெவ்வேறாக நடந்துகொள்வதை, கண்டுவிட்டதால், பெருவெடிப்பில் பொருளுக்குச் சமமாகத் தோன்றியிருக்க வேண்டிய எதிர்ப்பொருள் மறைந்த புதிர் தீர்ந்துவிட்டதாகக் கருத்தரங்க உரையில் எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்; எழுத வேண்டாம். லாம்டா-பி என்ற பேரியான் ஒரு புரோட்டான், ஒரு கேயான், இரு பையான்கள் என்ற இலகுவான துகள்களாகச் சிதையும் வீதத்துக்கும் அதன் எதிர்த்துகளின் சிதைவு வீதத்துக்கும் உள்ள வேறுபாடு, அவ்விரண்டின் கூட்டுத்தொகையில் சுமார் 2.5 விழுக்காடு என்பது உண்மையே. ஆனால் அது, துகள் இயற்பியலின் இன்றைய அடிப்படைக் கோட்பாடான செந்தர மாதிரி இடங்கொடுக்கும் மீறல்தான். பிரபஞ்சத்தில் நூறு கோடிக்கு மேற்பட்ட ஃபோட்டான்களுக்கு (ஒளித்துகள்களுக்கு) ஒரு பேரியான் என்ற அளவில் இன்று எஞ்சியுள்ள பொருளின் சொற்ப மிச்சத்துக்குக்கூட அது போதாது.

உரையில் நீங்கள் விரித்தெழுத வேண்டியது, பொருள் மிஞ்சுவதற்குத் தேவையானவை என 1967-இல் சோவியத் இயற்பியலாளர் சாகரவ் வகுத்த நிபந்தனைகளுள் ஒன்றான வெப்பச் சமநிலைக் குலைவு: ஹிக்ஸ் துகளின் நிறை 125 ஜிஇவி (துகள் நிறையின் அலகு) ஆகையால், மின்மெல்விசை நிலைமாற்றம் (தொடக்கப் பிரபஞ்சம் குளிர்ந்தபோது மின்காந்த விசையும் மெல்விசையும் தனித்தனியாகப் பிரிந்த மாற்றம்), கொதிநீரில் குமிழிகள் வெடித்தெழுவதுபோல நிகழாமல், செந்தர மாதிரியில் சீராகவே நடந்து முடிகிறது, சமநிலை போதிய அளவு குலைவதில்லை, ஆதலால் சிபி மீறல் போதுமான அளவு இருந்திருந்தாலும் மிச்சம் நிலைத்திருக்காது.