உறங்காத கைப்பேசி

கேள்வி: என் கணவர் ஒரு சட்டமன்ற உறுப்பினரிடம் ஒன்பது ஆண்டுகளாக உதவியாளராக இருக்கிறார். சட்டைப் பையில் இரண்டு கைப்பேசிகள். நள்ளிரவிலும் யாராவது ஆஸ்பத்திரியில் படுக்கை கேட்டு அழைப்பார்கள், விடிந்தால் காதுகுத்து, துக்க வீடு. இப்போதெல்லாம் மணி ஒலிக்காதபோதும் ஒலித்ததாக எண்ணி எழுந்து உட்காருகிறார். மனநல மருத்துவரைப் பார்ப்போம் என்றால், ‘வெளியே தெரிந்தால் என் வேலை மட்டுமல்ல, அண்ணன் பதவிக்கும் வேட்டு வைத்துவிடுவார்கள்’ என்கிறார். அண்ணனும் காரில் ஏறினால் வாய் திறப்பதில்லையாம்.
– வாசகி, மேலூர்

பதில்: பதவி பற்றிய அச்சத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. அரசமைப்பின் 191ஆம் பிரிவின்படி, தகுதிவாய்ந்த நீதிமன்றம் ஒருவரைச் சித்தசுவாதீனம் அற்றவர் என்று அறிவித்தால்தான் மனநிலையைக் காரணமாக்கிச் சட்டமன்ற உறுப்பினர் பதவியைப் பறிக்க முடியும். உறக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் மருந்து சாப்பிடுவது அதில் சேராது. சிகிச்சை விவரம் வெளியே போகாமல் காக்கப்படும் உரிமையை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளிக்குத் தருகிறது. நார்வேயின் பிரதமராக இருந்த ஷெல் மாக்னே பொண்டெவிக், மனச்சோர்வு என்று ஊரறியச் சொல்லிவிட்டே 1998இல் சில வாரங்கள் விடுப்பில் போனார். 2001இல் மீண்டும் பிரதமரானார். நம் பக்கத்தில் அப்படி அறிவிக்கக் காலம் கனியவில்லை என்பது உண்மைதான். ஆனால் சிகிச்சைக்கு அறிவிப்புத் தேவையில்லையே.

உங்கள் கணவரை அரிப்பது வேலைப்பளு மட்டுமல்ல என்று நினைக்கிறேன். படுக்கை கிடைத்தால் நன்றி அண்ணனுக்கு, கிடைக்காவிட்டால் ஏச்சு இவருக்கு. பரிந்துரைக் கடிதம் எழுதலாமே தவிர, முடிவெடுக்கும் அதிகாரம் இவரிடம் இல்லை. வாரத்தில் இரண்டு இரவுகளாவது அந்தக் கைப்பேசிகள் வேறொருவர் கைக்குப் போகட்டும். கட்சி அலுவலகத்தில் அதற்கு ஆள் கிடைக்காது என்பதை நான் நம்பமாட்டேன்.

மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. எத்தனையோ பேரை அங்கே அனுப்பிவைத்தவர், தெரிந்த முகங்களுக்குக் கூசினால், முதலில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநலத் தொலைபேசி உதவி எண்ணில், பேசட்டும். இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். வாழவே பிடிக்கவில்லை என்ற பேச்சு ஒருமுறை வந்தாலும் அவரைத் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அண்ணனிடம் அந்த எண்ணை உங்கள் கணவரே சொல்லலாம். காரில் அருகே இருப்பவர் அவர்தானே.