கொப்புளத்தைக் குத்திப் பார்த்துவிட்டீர்களா?

கேள்வி: நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய பழைய கார் ஒன்றை வாங்கியிருக்கிறேன். கதவுகளின் அடிவிளிம்பிலும் பின்சக்கர வளைவிலும் பெயிண்ட் கொப்புளித்திருக்கிறது. தேய்த்து, பள்ளத்தை நிரப்பும் பட்டி (putty) வைத்தால் போதும் என்கிறார் ஒருவர். தகட்டையே மாற்ற வேண்டும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

பதில்: குத்திப் பார்க்காமல் சொல்லியிருந்தால் இருவர் சொல்வதும் ஊகம்தான்.

கல் பட்டுப் பெயிண்ட் பெயர்ந்த இடத்தில் படியும் துரு மேலோடு நிற்கும், உப்புத்தாளுக்கு அடங்கிவிடும். நீங்கள் சொல்லும் இடங்களில் வரும் கொப்புளம் பெரும்பாலும் வேறு வகை. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். கதவுக்குள் தேங்கிய நீரும், சக்கர வளைவின் மடிப்பில் அடைந்த சேறும் தகட்டை உள்ளிருந்து அரித்து வந்து, கடைசியில்தான் பெயிண்டைத் தள்ளுகின்றன. அதனால் வெளியே நாணயம் அளவு தெரிந்தால் உள்ளே உள்ளங்கை அளவு இருக்கும் என்று வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள்.

ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றித் தகட்டின் மேல் நகர்த்துங்கள். பிடி தளரும் இடத்தில் பழைய பட்டி இருக்கிறது. நான் ஒருமுறை இப்படிக் கண்டுபிடித்த இடத்தைத் தட்டியபோது, பட்டிக்குப் பின்னாலிருந்து கசக்கித் திணித்த செய்தித்தாள் வந்தது! அடுத்து ஸ்க்ரூடிரைவர். கொப்புளத்தின் நடுவில் முனையை வைத்து அழுத்துங்கள். நல்ல தகடு எதிர்த்து நிற்கும். கெட்டது நனைந்த அட்டைபோல் உள்வாங்கும். முனையோடு பழுப்புச் செதில்கள் உதிரும்.

கதவையும் வளைவையும் பார்த்ததோடு நிறுத்திவிடாதீர்கள். கம்பளத்தைத் தூக்கித் தரைத்தகடு, கதவுக்குக் கீழுள்ள அடிச்சட்டம், சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்கள், சீட் பெல்ட் மாட்டும் இடங்கள் எல்லாவற்றையும் குத்திப் பாருங்கள். கதவு கெட்டால் அழகு போகும். இவை கெட்டால் உயிருக்கு ஆபத்து. இங்கே பட்டிக்கு இடமே இல்லை. உடலைத் தாங்கும் தனிச் சட்டம் (சேஸிஸ்) இல்லாத கார் என்றால் அடிச்சட்டத்தை வெட்டுவதற்கு முன் கதவு வாயிலில் குறுக்குக் கம்பி கொடுத்து இறுக்க வேண்டும். இல்லையென்றால் உடல் தொய்ந்து, பிறகு கதவு மூடாது.

ஸ்க்ரூடிரைவர் முனை இறங்காத இடத்தில் பளபளக்கும் இரும்பு தெரியும்வரை தேய்த்து, குழிகளில் மிஞ்சும் துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றி தடவி, டப்பாவில் சொன்னபடி கழுவி உலர்த்தி, பெயிண்டுக்கு அடிப்பூச்சான எப்பாக்ஸி பிரைமர் அடியுங்கள். அதே நாளில் அடித்துவிடுங்கள். வெற்று இரும்பு ஓர் இரவிலேயே செம்பூத்துவிடும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் முகமூடியோடு, நீர் தொட்டுத் தேய்ப்பது நல்லது.

முனை இறங்கினால் நல்ல தகடு வரும்வரை வெட்டி, அதே தடிமனில் புதுத் துண்டை வெல்டிங் செய்ய வேண்டும். பேட்டரி இணைப்பைக் கழற்றி, பெட்ரோல் டாங்கை அகற்றியபின் தொடங்கச் சொல்லுங்கள். ஒரே இழுப்பாகப் பற்றவைத்தால் மெல்லிய தகடு சூட்டில் நெளியும். இங்கொரு புள்ளி அங்கொரு புள்ளியாக வைத்து ஆறவிட்டுத் தொடர வேண்டும். அதன் மேல் மெல்லிய பட்டி தவறில்லை. ஓட்டையை அடைக்கும் பட்டிதான் ஈரத்தை உறிஞ்சி மறுபடி துருவைக் கூப்பிடும்.

வேலை முடிந்ததும் உட்குழிவுகளில் மெழுகுப் பூச்சு தெளித்து, கதவடியில் உள்ள வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தி விடுங்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டு அதன் மேல் ஒரு குவளை நீர் ஊற்றுங்கள். கீழே சொட்ட வேண்டும்.