டேப் மானிட்டர் பட்டனைத் தொட்டால் திரும்பி வரும் சத்தம்

கேள்வி: எழுபதுகளில் அப்பா வாங்கிய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரை இன்னும் வைத்திருக்கிறேன். டிரான்சிஸ்டர் செட். கொஞ்ச நாளாகப் பாட்டு ஓடும்போதே இடது ஸ்பீக்கர் ஊமையாகிவிடுகிறது. டேப் மானிட்டர் பட்டனை இரண்டு முறை அமுக்கினால் சத்தம் வந்துவிடுகிறது. பவர் சுவிட்சும் சில நேரம் பிடிப்பதில்லை. இரண்டையும் மாற்றிவிடட்டுமா? ஓரளவு சாலிடரிங் தெரியும்.

பதில்: பவர் சுவிட்சை மாற்றுங்கள். டேப் மானிட்டர் சுவிட்ச் மேல் கை வைக்காதீர்கள், அது நல்ல சுவிட்ச். அதே அளவில், அதே கால் அமைப்பில் இன்னொன்று கிடைப்பதும் கஷ்டம்.

டேப் டெக்கிலிருந்து வரும் சத்தத்தைக் கேட்பதற்கான சுவிட்ச் அது. உங்களிடம் டேப் டெக் இல்லாவிட்டாலும் பாட்டு அதன் வழியாகத்தான் போகிறது. பல வருடம் யாரும் தொடாமல் ஒரே நிலையில் கிடந்திருக்கும். உள்ளே காண்டாக்ட்டுக்கு வெள்ளி முலாம். காற்றில் இருக்கும் கந்தகம் பட்டால் வெள்ளிச் சாமான் மாதிரி அதுவும் கறுத்துவிடும். அங்கே ஓடும் சிக்னல் ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. அந்தக் கறுப்பைத் துளைத்துப் போக அதற்கு பலம் கிடையாது. நீங்கள் பட்டனை அமுக்கும்போது காண்டாக்ட் உரசிக் கொஞ்சம் சுத்தமாகிறது, சத்தம் வருகிறது, அவ்வளவுதான்.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். பிடுங்கிய பிறகும் பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் சார்ஜ் நிற்கும். 1,000 ஓம், 5 வாட் ரெசிஸ்டரை ஒவ்வொன்றின் இரு முனைக்கும் குறுக்கே ஒரு நிமிடம் வைத்து, மீட்டரில் வோல்ட் இறங்கிவிட்டதா என்று பார்த்துவிட்டு உள்ளே கை விடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம்.

அப்புறம் சுவிட்ச் உடலை டார்ச் அடித்துப் பாருங்கள். பட்டன் தண்டு உள்ளே நுழையும் இடத்தில் ஒரு சின்ன இடைவெளி தெரியும். எலெக்ட்ரானிக்ஸுக்கான காண்டாக்ட் கிளீனரை மெல்லிய குழாய் வழியாக அதில் ஒரு சொட்டு அளவு விட்டு, பட்டனை முப்பது முறை அமுக்கி விடுங்கள். கறுப்புத் தண்ணீர் கசிந்தால் பஞ்சால் ஒற்றியெடுங்கள். இன்னொரு சொட்டு, இன்னொரு முப்பது முறை. ஒரு நாள் காயட்டும். பட்டன் பக்கவாட்டில் மெல்லிய கம்பி முள் ஒன்று இதய வடிவப் பள்ளத்தில் ஓடும். பட்டனை உள்ளே பிடித்து நிறுத்துவதே அதுதான். அதை நெம்பிவிடாதீர்கள், தெறித்து விழுந்தால் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

உப்புத்தாள் மட்டும் வேண்டவே வேண்டாம். ஆரம்ப காலத்தில் ஒரு செலக்டர் சுவிட்சை நான் அப்படித் தேய்த்தேன். அன்றைக்குப் பளபளவென்று வேலை செய்தது. முலாம் போய் அடியில் இருந்த பித்தளை வெளியே வந்துவிட்டதால், சில மாதத்தில் முன்னைவிட மோசம்.

சுத்தம் செய்தும் கோளாறு தீரவில்லையா? வால்யூமைச் சட்டென்று கூட்டிப் பாருங்கள். அப்போது "டக்"கென்று சத்தம் திரும்பினால், ஸ்பீக்கர் ரிலே (ஸ்பீக்கரைத் தானாக இணைத்துத் துண்டிக்கும் மின்காந்த சுவிட்ச்) இருக்கும் செட்களில் அந்த ரிலே காண்டாக்ட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

இனி பவர் சுவிட்ச். போடும் ஒவ்வொரு முறையும் டிரான்ஸ்ஃபார்மரும் காலி கெப்பாசிட்டர்களும் ஒரே இழுப்பில் கரண்டை இழுக்க, பொறி பறந்து காண்டாக்ட் குழிகுழியாக அரித்திருக்கும். கிளீனரால் அது சரியாகாது. அதே வோல்ட், அதே ஆம்பியர் அல்லது கூடுதலாக எழுதியிருக்கும் சுவிட்சைப் போடுங்கள். கழற்றும் முன் ஒயர்களைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சுவிட்ச் முனைகளுக்குக் குறுக்கே பொறியை அடக்கும் குட்டி கெப்பாசிட்டர் இருந்தால், அதையும் அதே மதிப்பில் எக்ஸ்2 முத்திரை (மெயின்ஸ் கரண்டில் போடத் தகுந்தது என்ற குறி) உள்ளதாக மாற்றிவிடுங்கள். மெயின்ஸ் ஒயரில் இதுவரை சாலிடர் வைத்ததில்லை என்றால், இந்த ஒரு வேலையை மட்டும் கை பழகியவரிடம் கொடுத்துவிடுங்கள்.